நானூறு ரூபாய் ஏறாத மலை

சென்ற கார்த்திகையில் புதூர்நாட்டில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கரண்ட் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளை அட்டை. மடித்து மடித்து வைத்ததில் நடுவே கிழிந்து, பழைய பால் பாக்கெட் உறைக்குள் கிடந்தது. அந்த வீட்டம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். “எத்தனை யூனிட்டு ஓடியிருக்குதுன்னு பாரு கண்ணு” என்று கையில் கொடுத்தார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுப்பவர் பேனாவால் எழுதிய எண்கள்: 38, 41, 36. இரண்டு பல்பு, ஒரு ஃபேன், அரசு கொடுத்த டிவி, எப்போதாவது ஓடும் மிக்ஸி. வீட்டில் இருப்பது அவ்வளவுதான். முதல் நூறு யூனிட் இலவசம் என்பதால் தொகைக்கான கட்டத்தில் வரிசையாகப் பூஜ்யம்.

அந்தப் பூஜ்யங்களைப் பார்த்தபோது ஒரு பணத்தின் ஞாபகம் வந்தது. ஐம்பது ரூபாயாகப் பிறந்து, ஆறே ஆண்டுகளில் நானூறு ரூபாயாக வளர்ந்து, பெயர் மாறி, வீடு மாறி, 2025 புரட்டாசியில் ஒரு நள்ளிரவில் காணாமல் போன பணம். பூமி சூடாவதைத் தடுக்க ஆகும் செலவை யார் ஏற்க வேண்டும் என்ற கேள்விக்கு இந்தியா தன் கையால் எழுதிய முதல் விடை அதுதான். அது எங்கெல்லாம் போனது என்று சில ஆண்டுகளாகத் தேடிப் படித்துவருகிறேன். போகாத இடங்களில் ஒன்று இந்தத் திண்ணை.

புதூர்நாடு திருப்பத்தூர் மாவட்டத்தில், ஜவ்வாது மலையின் மேல் இருக்கிறது. புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு என்று பக்கத்தில் இன்னும் இரண்டு நாடுகள். மூன்றிலும் பெரும்பாலும் மலையாளி பழங்குடி மக்கள். சாமை, கேழ்வரகு, புளி, கடுக்காய், தேன் என்று மலை கொடுப்பதை வைத்து வாழ்ந்தவர்கள். இப்போது ஆண்டில் பல மாதம் கீழே இறங்கிக் கூலிக்குப் போகிறார்கள்.

இதே மலைத்தொடரில், ஆலங்காயம் பக்கத்துக் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 2.3 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி அங்கே 1986 முதல் வேலை செய்கிறது. விண்மீன்களைப் பார்க்க இருட்டு வேண்டும். நகரத்து வெளிச்சம் எட்டாத இருட்டைத் தேடித்தான் விஞ்ஞானிகள் இந்த மலைக்கு வந்தார்கள். மலை மக்கள் விளக்கு எரிக்காமல் இருந்த காலத்தின் மீதிதான் அந்த இருட்டு என்று நான் நினைப்பதுண்டு.

இனி அந்தப் பணத்துக்கு வருகிறேன்.

2010 பிப்ரவரி 26. நிதியமைச்சர் பிரணாப் முகர்ஜி பட்ஜெட்டில் தூய்மை எரிசக்தி செஸ் என்ற ஒன்றை அறிவித்தார். உள்நாட்டில் தோண்டினாலும் கப்பலில் வந்தாலும், நிலக்கரி, பழுப்பு நிலக்கரி எதுவானாலும் டன்னுக்கு 50 ரூபாய். அதே ஆண்டு ஜூலை 1 முதல் வசூல். அந்தப் பணத்தில் தேசியத் தூய்மை எரிசக்தி நிதியம் ஒன்று அமைத்து, சூரியஒளி, காற்றாலை போன்றவற்றுக்குச் செலவிடுவார்கள். கரி எரிப்பவன் கட்டட்டும், கரியில்லாத வழிக்கு அது போகட்டும் என்ற எளிய நியாயம்.

இந்த நியாயம் நம் சட்டத்தில் நிலைபெற்ற கதை ஜவ்வாது மலையின் காலடியில் நடந்தது. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளின் கழிவு பாலாற்றில் இறங்கி, கிணறுகள் உப்பாகி, விளைநிலங்கள் வெளுத்தபோது வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அது அறிவித்தது. தொழிற்சாலைக்கு 10,000 ரூபாய் வீதம் அபராதம். அதற்கும் மேலாக, நிலமிழந்த விவசாயி யார், அவருக்கு எவ்வளவு இழப்பு என்று கணக்கிட ஓர் ஆணையமும் அமைக்கப்பட்டது. ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு போய்ச் சேர்வதும் பாலாற்றில்தான். புதூர்நாடும் அப்போது வேலூரைத் தலைமையிடமாகக் கொண்ட மாவட்டத்தில்தான் இருந்தது.

அந்தத் தீர்ப்பில் எனக்குப் பெரிதாகத் தெரிவது இதுதான்: கட்ட வேண்டியவர் யார் என்று சொன்னதோடு நீதிமன்றம் நிற்கவில்லை. பெற வேண்டியவர் யார் என்றும் சொன்னது. 2010இல் பிறந்த செஸ்ஸுக்கு முதல் பாதி மட்டுமே வாய்த்தது.

அதன் பயணத்தை நெய்வேலியிலிருந்து தொடங்கிப் பார்க்கலாம். சுரங்கத்தின் விளிம்பில் நின்று பார்த்தால், ராட்டினம் போன்ற சக்கரத்தில் வாளிகள் சுற்றிச் சுற்றி மண்ணைக் கொத்துவது கீழே பொம்மை போலத் தெரியும். கிட்டே போனால் ஒவ்வொரு வாளியும் ஆள் உயரம். மேல்மண் போன பிறகு வருவது பழுப்பு நிலக்கரி. கையில் எடுத்தால் கல்லின் கனம் இருக்காது. ஈரமாக இருக்கும், விரலால் அழுத்தினால் உதிரும். சில கட்டிகளில் மரத்தின் நார் அப்படியே தெரியும். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வெயிலைக் குடித்த மரம் அது. அந்தக் கட்டி கன்வேயர் பெல்ட்டில் ஏறி அனல்மின் நிலையத்துக்குப் போகும் வழியில், கணக்குப் புத்தகத்தில் டன்னுக்கு ஐம்பது ரூபாய் ஒட்டிக்கொண்டது.

2014 ஜூலையில் அருண் ஜேட்லி அதை 100 ஆக்கினார். 2015இல் 200. 2016இல் 400, கூடவே தூய்மைச் சுற்றுச்சூழல் செஸ் என்று புதுப்பெயர். இத்தனை வேகமாக வளர்ந்த வரி இந்தியாவில் குறைவு.

நானூறு ரூபாய் என்பது ஒரு வீட்டுக்கு எவ்வளவு? ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நெய்வேலிக் கரி ஏறக்குறைய ஒரு கிலோ வேண்டும். கறுப்பு நிலக்கரி என்றால் எழுநூறு கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் யூனிட்டுக்கு 28 பைசாவிலிருந்து 40 பைசா வரை. வீட்டுக்கு வரும் மின்சாரம் முழுவதும் கறுப்பு நிலக்கரியிலிருந்து வருவதாகவே வைத்துக்கொண்டாலும், அந்தத் திண்ணை வீட்டின் ஆண்டுக் கணக்கு ஏறக்குறைய 240 யூனிட், 168 கிலோ கரி, 67 ரூபாய். சென்னையில் இரண்டு ஏசி ஓடி, இரண்டு மாதத்துக்கு 1,500 யூனிட் ஆகும் வீட்டுக்கு ஆண்டில் ஆறு டன்னுக்கு மேல் கரி, செஸ் 2,500 ரூபாய். எரித்த அளவுக்கு ஏற்ற பங்கு. இதுவரை நியாயம்தான்.

ஆனால் பணம் மீட்டர் வழியாக மட்டும் வருவதில்லை. சிமெண்ட், கம்பி, செங்கல் என்று கரியில் வெந்த எல்லாவற்றின் விலையிலும் அது கரைந்திருந்தது. மலையில் ஒரு தொகுப்பு வீடு கட்டினால் அதற்குள்ளும் இருந்தது. 2016 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் முதல் நூறு யூனிட் இலவசம் என்றானது, மாளிகைக்கும் சேர்த்து. அந்த இலவசத்தின் செலவை மாநில அரசு மின்வாரியத்துக்குக் கட்டுகிறது, நாம் எல்லோரும் கட்டும் வரியிலிருந்து. சோப்பு வாங்கும் மலைவாசியும் அந்த வரியைக் கட்டுகிறார். ஆக, புதூர்நாட்டு அட்டையில் பூஜ்யம் இருந்தாலும் அந்த வீட்டிலிருந்தும் சில ரூபாய்கள் டில்லிக்குப் போயிருக்கின்றன.

டில்லியில் அவற்றுக்கு என்ன ஆனது? செஸ் முதலில் இந்தியத் தொகுப்பு நிதியில் விழும். அங்கிருந்து நாடாளுமன்ற ஒப்புதலோடு தூய்மை எரிசக்தி நிதியத்துக்கு மாற்றப்பட வேண்டும். செஸ் என்பதால் மாநிலங்களுக்குப் பங்கு கிடையாது. கரி தோண்டிக் குழியாகிப்போன ஒடிஷாவுக்கும் இல்லை, ஜார்க்கண்டுக்கும் இல்லை, நெய்வேலியைக் கொடுத்த நமக்கும் இல்லை. 2010-11 முதல் 2017-18 நிதியாண்டு வரை வசூலானது சுமார் 86,400 கோடி ரூபாய். நிதியத்துக்குப் போய்ச் சேர்ந்தது ஏறத்தாழ 29,600 கோடி. அதிலும் திட்டங்களுக்குச் செலவானது 16,000 கோடிக்குச் சற்றுக் குறைவு. ஐந்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை.

அந்தச் சிறு பங்கு நல்ல வேலைகளும் செய்தது. பசுமை மின்பாதைத் திட்டம் அதில் ஒன்று. காற்றாலை, சூரியஒளி மின்சாரத்தை நுகரும் ஊர்களுக்குக் கொண்டுபோகும் உயர் அழுத்தக் கோபுரங்கள். திட்டத்தில் சேர்ந்த எட்டு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. தென்மாவட்டங்களில் வயல் நடுவே நிற்கும் அந்தக் கோபுரங்களில் சிலவற்றில் நெய்வேலிக் கரியின் ஐம்பது ரூபாய் இரும்பாக நிற்கிறது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மீதிப் பணம் அரசின் பொதுச்செலவில் கலந்துபோனது. யாரும் திருடவில்லை. எதற்காக வாங்கினோம் என்பதை மறந்துவிட்டார்கள். வாங்கியது எங்களிடமிருந்துதானே என்று கேட்கும் இடத்தில் புதூர்நாடும் இல்லை.

2015 அக்டோபர் 2. பாரிஸ் மாநாட்டுக்கு முன்பாக, காந்தி ஜெயந்தியன்று, தட்பவெப்பச் சிக்கலுக்கு இந்தியா தன் பங்காக என்னென்ன செய்யும் என்ற ஆவணத்தை ஐ.நா.விடம் தந்தது. நிலக்கரி செஸ்ஸை ஐம்பதிலிருந்து இருநூறாக, நான்கு மடங்காக உயர்த்தியிருக்கிறோம் என்று அதில் பெருமையோடு எழுதியது. உண்மையான பெருமைதான். அன்று பல பணக்கார நாடுகள் நிலக்கரிக்கு இப்படி ஒரு வரி போடத் துணிந்திருக்கவில்லை.

2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தது. செஸ் சட்டப்படி முடிவுக்கு வந்து, அதே நானூறு ரூபாய் ஜிஎஸ்டி இழப்பீட்டு செஸ் என்று வேறு வீட்டுக்குக் குடிபோனது. சிகரெட், பான் மசாலா, சொகுசுக் கார், சோடா பானங்கள் அங்கே கூடவே குடியிருந்தன. மாநிலங்களுக்கு ஜிஎஸ்டியால் வரும் வருமான இழப்பை ஈடுகட்டுவது அந்த வீட்டின் வேலை. காற்று, கரி, பருவமழை பற்றிய பேச்சு அதோடு நின்றது. கொரோனாக் காலத்தில் அந்த இழப்பீட்டுக்காக மத்திய அரசு 2.69 லட்சம் கோடி ரூபாய் கடன் வாங்கியபோது, கடனை அடைக்க செஸ்ஸின் ஆயுளை 2026 மார்ச் வரை நீட்டித்தார்கள். தமிழ்நாடும் அந்த இழப்பீட்டைப் பெற்றது. ஆசிரியர் சம்பளமோ மருத்துவமனை மருந்தோ அதில் வந்திருக்கும். வீண் போனது என்று சொல்ல முடியாது. ஆனால் கரியைக் காட்டி வாங்கிய பணம் அது.

2025 செப்டம்பர் 3 அன்று ஜிஎஸ்டி மன்றம் கூடியது. அம்மாதம் 22 முதல் நிலக்கரி மீதான இழப்பீட்டு செஸ் நீக்கப்பட்டது. ஜிஎஸ்டி 5 சதவீதத்திலிருந்து 18 ஆனது. கூட்டிக் கழித்தால் மின் நிலையங்களுக்குப் போகும் கரி டன்னுக்குச் சராசரியாக 260 ரூபாய் மலிவாகும் என்று நிலக்கரி அமைச்சகம் சொன்னது. பதினைந்து ஆண்டு வாழ்க்கை முடிந்தது. செய்தித்தாள்களில் அன்று டிவி விலையும் கார் விலையும் குறைந்ததுதான் தலைப்பு.

நம் ஊர்களில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவார்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று பேசி, முடியாதவர் வீட்டைப் பல ஊர்களில் விட்டுவிடுவார்கள். திருவிழா முடிந்து கொடி இறக்கிய பிறகு, மரத்தடியில் கூட்டம் போட்டு வரவு செலவு படிப்பார்கள். பந்தலுக்கு இவ்வளவு, மேளத்துக்கு இவ்வளவு, மிச்சம் இவ்வளவு. வரியைவிட அந்தக் கணக்குப் படிக்கும் மாலைதான் முக்கியம். அடுத்த ஆண்டு வரி கேட்டு வீட்டு வாசலுக்கு வரும் முகம் அங்கேதான் சம்பாதிக்கப்படுகிறது. நிலக்கரி செஸ்ஸுக்கு அப்படி ஒரு மாலை கடைசி வரை வரவில்லை. அது போனபோது யாரும் ஏன் என்று கேட்காததற்குக் காரணம் அதுதான் என்று நம்புகிறேன். தங்கள் கைக்கு வராத பணத்துக்காக யார் சண்டை போடுவார்கள்?

வேறு மாதிரி செய்தவர்களும் இருந்தார்கள். கனடாவில் 2019 முதல் பெட்ரோல், எரிவாயு மீது கார்பன் கட்டணம் வாங்கி, அதில் ஏறத்தாழ 90 சதவீதத்தை வீடுகளுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். டொராண்டோவில் இருக்கும் நம் தமிழர்கள் பலருக்கு அது பழக்கமாக இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் விழுந்தது. 2024இல் ஒண்டாரியோ மாகாணத்தில் நால்வர் குடும்பத்துக்குத் தவணைக்கு 280 டாலர். கிராமப்புறத்தில் இருப்பவர்களுக்கு அதற்கு மேல் 20 சதவீதம் கூடுதல், பேருந்தும் ரயிலும் இல்லாத இடத்தில் வண்டியை விட்டால் வழியில்லை என்பதற்காக. குறைவாக எரிப்பவர் கட்டியதைவிடப் பெற்றதே அதிகம். ஆனாலும் அந்தத் திட்டமும் 2025 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. பெறுவதைவிடக் கட்டுவதுதான் அதிகம் என்றே பலர் நினைத்திருந்தார்கள். கணக்கு கையில் கொடுத்தும் நம்பிக்கை வரவில்லை என்பது எனக்கு வருத்தமான பாடம்.

இருந்தாலும் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. இந்தியாவில் ஆண்டுக்கு நூறு கோடி டன்னுக்கு மேல் நிலக்கரி எரிகிறது. டன்னுக்கு 400 என்றால் 40,000 கோடி ரூபாய். அதை 140 கோடி பேருக்குச் சமமாகப் பிரித்தால் தலைக்கு 285 ரூபாய், நால்வர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1,140. பொருள்களின் விலை வழியாகக் கட்டியதையும் சேர்த்துச் சராசரிக் குடும்பத்தின் சுமையும் அதேதான். மலைக்குடும்பம் சராசரியில் சிறு பங்குதான் எரிக்கிறது. எரிப்பதில் உள்ள இந்த ஏற்றத்தாழ்வு சாதாரணமானதல்ல: உலக ஏற்றத்தாழ்வு அறிக்கை 2022இன்படி, இந்தியாவின் கீழ்ப்பாதி மக்களுக்குத் தலைக்கு ஆண்டில் ஒரு டன் கரிவளி, மேல் பத்து சதவீதத்தினருக்கு ஒன்பது டன் அளவு.

உலக அரங்கில் நாம் பேசும் நியாயமும் இதே நியாயம். 1991இல் சூழலியலாளர்கள் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் வாதிட்டார்கள்: ஏழை பிழைப்புக்காக விடும் புகையையும் பணக்காரர் வசதிக்காக விடும் புகையையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது. தொழிற்புரட்சியிலிருந்து இன்றுவரை எரிபொருள் வழியாகக் காற்றில் சேர்ந்த கரிவளியில் அமெரிக்காவின் பங்கு மட்டும் ஏறக்குறைய கால்வாசி. இந்தியாவுடையது நான்கு சதவீதத்துக்கும் குறைவு. 2009இல் கோபன்ஹேகன் தட்பவெப்ப மாநாட்டில், 2020க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் தருவோம் என்று பணக்கார நாடுகள் சொன்னது இரண்டு ஆண்டு தாமதமாகத்தான் நிறைவேறியது. அதிலும் பெரும்பகுதி கடன். 2024 நவம்பரில் பாகு மாநாட்டில், 2035க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்று முடிவை அவசரமாக அறிவித்தபோது, இந்தியப் பிரதிநிதி சாந்தினி ரைனா எழுந்து இதை ஏற்க முடியாது என்று கடுமையாகச் சொன்னார். அவர் சொன்னது சரி. ஒரு சொல்லைக்கூடக் குறைக்க வேண்டாம்.

ஆனால் பாகுவில் நாம் கேட்ட நியாயத்தைத் திருப்பத்தூரில் நாம் செய்தோமா என்று ஒருவர் கேட்டால் என்ன பதில்? பணக்கார நாடுகளின் கடன் இதனால் ஒரு பைசா குறையாது. நம் வீட்டுக் கடனும் அதைக் காட்டித் தள்ளுபடியாகாது. 2026 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியம் தன் எல்லைக்குள் வரும் இரும்புக்கும் அலுமினியத்துக்கும் கார்பன் கட்டணத்தைக் கணக்கிடத் தொடங்கியிருக்கிறது. உற்பத்தி நாட்டிலேயே கார்பன் விலை கட்டியிருந்தால் அதைக் கழித்துக்கொள்ளலாம் என்பது விதி. நாம் இங்கே வாங்காமல் விடுவது அங்கே அவர்கள் கஜானாவுக்குப் போகும். அந்த வரியை இந்தியா எதிர்ப்பது நியாயம். அதே நேரத்தில் நம் கையிலிருந்த செஸ்ஸை நாமே கரைத்துவிட்டோம்.

புதூர்நாட்டுத் திண்ணைக்குத் திரும்புகிறேன். ஆனி, ஆடி மழையை நம்பிக் கொல்லையில் சாமை விதைக்கிறார்கள். அறுப்பு ஐப்பசி, கார்த்திகையில். சாமைத் தட்டை மெலிசு. கதிர் முற்றிய நேரத்தில் பெருமழை அடித்தால் சாய்ந்துவிடும், மணி மண்ணில் கொட்டிவிடும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கரையேறி வலுவிழந்து உள்ளே வந்தபோது, மலைக்குத் தெற்கே ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஒரு புயலை மட்டும் காட்டி இது பூமி சூடானதால் வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறத்தாழ ஏழு சதவீதம் கூடுதல் ஈரம் சுமக்கும் என்பது இயற்பியல். அந்த ஈரம் எங்காவது இறங்கித்தான் ஆக வேண்டும். அந்த மழையில் போன சாமையைப் பற்றி அம்மா அதிகம் பேசவில்லை. அந்த வருசம் விதைக்கே அக்கம்பக்கத்தில் கைமாத்து வாங்கினோம் என்றார், அவ்வளவுதான்.

ஆயிரத்து நூற்று நாற்பது ரூபாய் என்ற கணக்கு என் சட்டைப்பையில் ஒரு சீட்டில் இருந்தது. அதை அவரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. உங்கள் வீட்டு வழியாகவும் ஒரு பணம் போனது, அது திரும்பி வந்திருக்கலாம், இப்போது அந்தப் பணமே இல்லை என்று எந்த வாக்கியத்தில் தொடங்குவது? அட்டையை மடித்துக் கொடுத்தேன்.

“பாக்கி ஏதாச்சும் இருக்குதா கண்ணு?”

“இல்லீங்கம்மா. நீங்க ஒண்ணும் கட்ட வேணாம்.”

அட்டையைக் கூரைச் சந்தில் செருகிவிட்டு, காற்று எழுந்திருக்கிறதா என்று வாசலில் நின்று பார்த்தார். எழுந்திருந்தது. முறத்தை எடுத்துக்கொண்டு களத்துக்கு நடந்தார். கொஞ்ச நேரத்தில் சாமை உமி பறந்து வந்து திண்ணையில் படிந்தது.